காத்தார் அறம்: புதுக்கோட்டை நாட்டுக் கோயிற்காடுகள்

அறம் இருதிறப்படும், ஈதல் ஒன்று, ஈந்ததனைக் காத்தல் மற்றொன்று. இவ்விரண்டனுள் காத்தலே பெரிதென்பது பண்டைக் கல்வெட்டுக்களின் துணிபு. நிலமும் விளக்கும் ஈந்தோர், தம் கொடையைக் கல்லில் வெட்டுவித்தபின், அவ்வறத்தைப் பிற்காலத்துக் காப்பவர் திருவடி தம் தலைமேலது என்னும் பொருள்பட முடித்தல் வழக்கம். ஈந்தவர் அரசரேயாயினும், காப்பவர் எளியரேயாயினும், தாழ்ந்தது ஈந்தவர் தலையே. இக்கருத்து நிலத்தையும் காட்டையும் எங்ஙனம் புரந்ததென்பதற்குப் புதுக்கோட்டை நாடு தக்கதொரு சான்றாகும்.

அந்நாட்டில் வற்றாத ஆறு இல்லை. வெள்ளாறும் மழைக்காலத்தன்றிப் பெருகுவதன்று. செம்மண்ணும் சரளையும் மிகுந்த அந்நிலத்துக்கு ஏரியும் குளமுமே உயிர். ஆகலின் ஆங்குச் செய்யப்பெற்ற அறங்களிற் பல நீரையும் நிலத்தையும் பற்றியனவாயின. 1929ஆம் ஆண்டில் சமஸ்தானத்தார் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியுள் தேவதானமும், திருநாமத்துக்காணியும், மடப்புறமும், குளங்கட்குக் குமிழி அமைத்தோர் பெயர்களும் காணப்பெறும். நிலம் விடுங்கால் மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உளப்பட விட்டனர் என்பது கருதத்தக்கது. மரம் நிலத்தின் வேறன்று என்பதே அவர்தம் கொள்கை.

காத்தவரை ஈந்தவரோடு ஒப்ப மதித்தமைக்கு நார்த்தாமலையிலுள்ள விசயாலய சோழீச்சரம் சான்று பகரும். அக்கற்றளியைச் சாத்தன் பூதி என்பான் எடுப்பித்தான் என்றும், அது மழையாற் சிதைந்தபொழுது மல்லன் விடுமன் என்பான் புதுக்கினான் என்றும் அங்குள்ள கல்வெட்டுக் கூறும். எடுத்தவன் பெயரும் காத்தவன் பெயரும் ஒரே கல்லில் நின்று நிலவுகின்றன.

எனினும் கற்றளிக்கும் காட்டிற்கும் ஒரு பெருவேற்றுமை உண்டு. சிதைந்த தளியை மற்றொருவன் தன் வாழ்நாளிலேயே புதுக்கலாம். பல தலைமுறையாகத் தானே முளைத்துத் தானே செறிந்த காட்டினை அழிந்தபின் மீட்டெடுத்தல் ஒருவன் வாழ்நாளில் ஒல்லுவதன்று. ஆகலின் காட்டைப் பொறுத்தவரை காத்தலன்றி வேறு பேரறம் இல்லை. நந்தவனத்திற்குத் திருநந்தவனப்புறம் என நிலம் உண்டு. ஏரிக்கு ஏரிப்பட்டி உண்டு. கோயிற்காட்டிற்கோ பெரும்பாலும் சாசனம் இல்லை; கோடரி படலாகாது என்னும் நியமமே அதன் சாசனம். வீழ்ந்த சுள்ளியும் கோயிற் பொங்கலுக்கன்றி வீட்டடுப்புக்கு ஆகாதென்று ஊரார் ஒழுகினர்.

அங்ஙனம் காக்கப்பெற்றவற்றின் எச்சங்களே அறையப்பட்டி, மரமடக்கி முதலிய ஊர்ப்பக்கங்களில் இன்றும் உள்ள காடுகள். மழை குறைந்த நாட்டிலும் ஆண்டு முழுதும் பசுமை மாறாத இக்காடுகளில் வீரை, காசான், காரை, குருந்து முதலியன செறிந்து வளரும். இவற்றின் வேர் மண்ணைப் பிணிக்கும். உதிர்ந்த இலை மழைநீரைத் தடுத்து நிலத்துள் இறக்கும். அதனால் ஏரியில் வண்டல் சேர்வது குறையும். குளமங்கலத்தில், வில்லுனி யாற்றங்கரையில், முப்பதடிக்கு மேல் உயர்ந்த குதிரையோடு விளங்கும் ஐயனார்க்குப் பெருங்காரையடி மீண்ட ஐயனார் என்பது திருப்பெயர். அக்காட்டிற்குரிய காரைமரமே ஐயனார் பெயருள் நிலைபெற்றமை நோக்குக.

சைவ நன்மக்கட்கு இதனினும் அணித்தாயதொரு சான்று திருப்பெருந்துறை. ஆவுடையார்கோயில் என வழங்கும் அத்தலத்தில், பாண்டியனுக்குக் குதிரை கொள்ளச் சென்ற வாதவூரடிகளை இறைவன் ஆட்கொண்டது மண்டபத்தின்கண் அன்று, குருந்தமர நிழலில். குருந்து வேற்று நாட்டினின்று கொணர்ந்ததன்று. அந்நாட்டுக் காடுகளில் இயல்பாக வளர்வது. திருக்கோகர்ணத்து இறைவரும் மகிழவனேசர் என வனத்தாற் பெயர் பெற்றார். தலமரம் ஒன்றனையே போற்றி, அதன் இனமெல்லாம் அழியப் பார்த்திருத்தல் போற்றுதலாகாது.

தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்கட்கு அருளினான் என்பது சித்தாந்தம். காடு அப்புவனத்தின் ஒரு கூறு. தாவரமும் எழுவகைப் பிறப்பினுள் ஒன்றாகலின், காடு பொருட்குவை மட்டுமன்று, உயிர்த்தொகுதியுமாம்.

இற்றை நிலை வருந்தத்தக்கது. புதுக்கோட்டை தனி மாவட்டமாகிய அதே 1974ஆம் ஆண்டில் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் தோன்றிற்று. அம்மாவட்டத்துப் பெருநிலப்பரப்பில் காகிதக் கூழுக்காகத் தைலமரம் பயிராயிற்று. நிலத்தடி நீர் குறைந்தது அதனாலேயே என உழவர் முறையிட்டு வருகின்றனர். மற்றொருபால், சீமைக்கருவேல் பரவியது. பத்தியின் பெயராலேயே மண்டபமும் சீமைக்காரைத் தளமும் அமைக்கக் காடு வெட்டப்படுதலும் உண்டு. கொடுப்பவர் குறைந்திலர், காப்பவரே குறைந்தனர்.

நம்பிக்கை தருவனவும் உள. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியில் ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்புள்ள வீரகோயிற் காடு 2025ஆம் ஆண்டில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசால் அறிவிக்கப்பெற்றது. சிற்றூர்க் கோயிற்காடும் சட்டத்தின் காவலைப் பெறலாம் என்பதற்கு அது வழிகாட்டி. ஆயினும் அறிவிப்பு ஒன்றே காடு காவாது. நாள்தோறும் காப்பவர் வேண்டும். அதற்கு முன்னோர் வகுத்த நெறியே போதும். ஏரியைப் பேணுவதற்கு ஏரிப்பட்டி விட்டாற்போலக் கோயிற்காட்டிற்கும் ஒரு புறம் விடுதல் தகும். அதன் வருவாயிற் காவலனுக்கு ஊதியமும், அயல்மரம் களைதற் செலவும், அக்காட்டு விதையினின்றே நாற்று வளர்த்தலும் நடைபெறலாம். புதிதாக ஒரு மண்டபம் எடுக்கும் பொருளிற் சிறுபகுதியே இதற்கு அமையும்.

செல்வர் ஈக, ஊரார் காக்க. பொருளில்லாதார்க்கும் ஓர் அறம் உண்டு, அது வெட்டாமை. அதனைச் செய்தார் அடியே ஈந்தார் தலைமேல் நிற்பதாகும்.