பாசிமணிக் கடை: பண்டம், உடல், வரலாறு

சென்னை பாரிமுனையில் நாராயண முதலி தெரு, பந்தர் தெரு வகையறாவுக்குள் ஒருமுறையேனும் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ரெண்டு பேர் ஒட்டி நடக்க முடியாத சந்து. மாடிப்படிக்கு அடியில், குடோனுக்குப் பக்கத்தில், பழைய வீட்டின் முன்னறையில் என்று பாசிக்கடைகள். பெயர்ப்பலகை இருந்தாலும் உண்டு, இல்லாவிட்டாலும் உண்டு. பெரிய கம்பெனிகளின் கிளைகள் அல்ல, அப்பனுக்குப்பின் பிள்ளை உட்கார்கிற கடைகள். சுவரெல்லாம் சரம் சரமாகத் தொங்கும். கீழே பிளாஸ்டிக் டப்பாக்களில் சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், பைப் பீட்ஸ், சமிக்கி, குந்தன் கல், ஜர்தோசிச் சுருள். கிராம் கணக்கில், பாக்கெட் கணக்கில், சரக்கணக்கில் வியாபாரம். சாயங்காலம் வரை நின்றாலும் பார்த்துத் தீராது.

இந்தக் கடைகளை வரலாற்றுப் பிரதியாக வாசிக்க முடியுமா என்பதே என் கேள்வி. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற மணியும் இங்கே டப்பாவில் கிடக்கிற மணியும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்று நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். முன்னது ‘தொல்பொருள்’, பின்னது ‘ஃபேன்சி சாமான்’. இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள், அதனால் யாருடைய கைகள் மறைந்துபோயின என்று கேட்டால் விஷயம் கொஞ்சம் சங்கடமாகிறது.

முதலில் பெயர்கள். சைனா முத்து, ஜெய்ப்பூர் கல், ஆஸ்திரியன் கல், செக் மணி. கடைக்காரர் ஊர்ப்பெயர் சொல்லித்தான் விற்கிறார். ஆனால் இந்த ஊர்ப்பெயர் செய்த இடத்தைச் சொல்வதில்லை. தரத்தையும் விலையையும் சொல்கிறது. ‘செக்’ என்றால் வெட்டு கூர்மையாக இருக்கும், விலை கூட, அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாப்லோனெட்ஸ் என்ற ஊர் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் காப்லோன்ஸ். இரண்டாம் உலகப்போர் முடிந்து 1945-46இல் அங்கிருந்த ஜெர்மானியக் கைவினைஞர்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டு, அவர்களில் பலர் பவேரியாவில் காவ்ஃபோய்ரன் அருகே நாய்காப்லோன்ஸ் என்று தங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு குடியிருப்பை உண்டாக்கி மறுபடி மணி செய்ய உட்கார்ந்தார்கள். ஒரு அகதி வரலாறே தரமுத்திரையாகச் சுருங்கி டப்பா மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. பண்டம் தன் உழைப்பை மறைக்கிறது என்று மார்க்ஸ் சொன்னதை இங்கே விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்குக் கிட்டத்திலேயே இருக்கிற உதாரணம் அரிக்கமேடு. புதுச்சேரிக்குத் தெற்கே, வீராம்பட்டினத்தை ஒட்டி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். 1930களில் ழூவோ-துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் உள்ளூர்ப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் வாங்கிச் சேர்த்தார். ஆக இந்த இடத்தை முதலில் ‘கண்டுபிடித்தவர்கள்’ மழைக்குப்பின் மணி பொறுக்கிய பிள்ளைகள்தான். பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. பிறகு 1945இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். அவர் அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர். அவர் தேடியது ரோமை. இத்தாலியில் வனைந்த அரெட்டைன் பானையோடும் மதுச்சாடியின் உடைசலும் கிடைத்தவுடனே காலக்கணக்கு கிடைத்துவிட்டது, ‘ரோமானிய வணிகத்தலம்’ என்ற பட்டமும் கிடைத்துவிட்டது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஆண்டு குறிக்க ஒரு பிடிமானம் கிடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. அதே மண்ணில் பிடி பிடியாகக் கிடைத்த கண்ணாடி மணிகளையும் கல்மணிகளையும், செய்துமுடிக்காமல் பாதியில் விட்ட துண்டுகளையும், வார்த்தபின் கழித்த கண்ணாடிக் கழிவையும் அவரும் பார்த்தார், பதிவும் செய்தார். ஆனால் கதையின் நாயகன் மதுச்சாடிதான். உள்ளூரில் வேலை செய்தவன் சரக்குப் பட்டியலில் ஒரு வரி.

இதில் இருப்பது காலனியப் பார்வை மட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. நாமும் அதையே செய்தோம். ரோமானியர்கள் எங்கள் துறைமுகத்துக்கு வந்தார்கள் என்று மேடையில் பெருமைப்பட்ட அளவுக்கு, துறைமுகத்தின் பின்கட்டில் உலைமுன் உட்கார்ந்தவன் யார் என்று கேட்டோமா? விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி அகழாய்வு நடத்தினார். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்ற பார்வை அவருடைய எழுத்துகளால் வலுப்பட்டது. மணிகளை மையமாக வைத்து அரிக்கமேட்டைப் பார்த்தவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர். மணி ஆராய்ச்சியே வாழ்க்கையாக இருந்து 2002இல் இறந்துபோனவர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று ஒரே நிறத்தில், சில மில்லிமீட்டர் மட்டுமே இருக்கிற இழைப்பு மணிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா, ஜப்பான் வரை கிடைத்துக்கொண்டிருந்தன. இவற்றுக்கு முன்னர் ‘பருவக்காற்று மணி’ என்றொரு பெயர் இருந்தது. அவர் ‘இந்தோ-பசிபிக் மணி’ என்று பெயரிட்டார். அரிக்கமேடு, இலங்கையில் மன்னாருக்கு எதிரே மாந்தை, வியட்நாமில் ஓக்-ஏயோ என்று செய்த இடங்களை வரிசைப்படுத்தினார். பிறகு வந்த வேதியியல் சோதனைகள், கண்ணாடியின் சேர்மானம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுவதைக் காட்டி அவருடைய வரைபடத்தைச் சிக்கலாக்கியிருக்கின்றன. நல்லதுதான். ஒரே மூலத்திலிருந்து உலகமெங்கும் பரவியது என்கிற பெருங்கதையாடல் உடைவதில் நமக்கென்ன நஷ்டம்?

ஆனால் பிரான்சிஸ் செய்த ஒரு காரியம் முக்கியம். பழைய மணி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ள அவர் ஆந்திராவில் திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டைக்குப் போனார். அங்கே அதே இழைப்பு மணியை 20ஆம் நூற்றாண்டிலும் செய்துகொண்டிருந்தார்கள். ‘லாடா’ என்கிற நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைச் சுருட்டிச் சுருட்டிக் கூம்பாக்குவார்கள். குழாயை உலைக்குள் வைத்தால், உள்ளே விட்ட கம்பியால் கூம்பின் நடுவில் துளை விழும். உலையின் மறுபக்கத்தில் ஒருவன் கொக்கியால் கண்ணாடியைப் பற்றி வெளியே இழுப்பான். பிறகு கையாலேயே இழுத்துக்கொண்டே இருப்பான், மணிக்கணக்கில். நூல்போல வருகிற அந்தக் கண்ணாடி நெடுகத் துளையோடு வரும். அதை முழம் முழமாக உடைத்து, பிறகு பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலில் புரட்டி மறுபடி சூடு காட்டினால் வெட்டுமுனை மழுங்கி உருண்டையாகும். சாம்பல், துளைக்குள் அடைந்துகொண்டு ஓட்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். சல்லடையில் சலித்துக் கோத்தால் சரம். இரண்டாயிரம் வருஷத்துத் ‘தொல்பொருளை’ விளக்க உயிரோடிருக்கிற ஒரு கூலித்தொழிலாளியின் கைதான் ஆதாரமாக வேண்டியிருந்தது.

கல்மணி வேறு கதை. நொய்யல் கரையில் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழாய்வு நடத்தியது. படிகம், பெரில், சூதுபவளம், அகேட் என்று மணி செய்த பட்டறைகளே வெளிப்பட்டன. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பெரில் உண்டு. சூதுபவளக் கல் மராட்டிய, குஜராத் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பதிற்றுப்பத்தில் கொடுமணமும் பந்தரும் சேர்ந்தே வருகின்றன, கொடுமணம் வேலைப்பாடான அணிகலனுக்கு, பந்தர் முத்துக்கு. அந்தப் பந்தருக்கும் பாரிமுனைப் பந்தர் தெருவுக்கும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. பெருமைக்காரர்கள் போட்டுக்கொள்ளட்டும். முதல் நூற்றாண்டில் பிளினி, பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது, அவர்கள் அதைத் துளைத்து யானைமயிரில் கோக்கிறார்கள் என்று எழுதியவர், அடுத்த மூச்சிலேயே படிகத்துக்குச் சாயமேற்றிப் போலி பெரில் செய்வதும் இந்தியர்தான் என்று புலம்புகிறார். ‘டூப்ளிகேட்’ பற்றிய பேச்சுக்கு ரெண்டாயிரம் வயசு.

கடைகளில் இன்றைக்கு ‘அகேட் சரம்’ என்று தொங்குவதில் ஒரு பங்கு குஜராத்தின் கம்பாத்திலிருந்து வந்திருக்கக் கூடும். ரத்தன்பூர்ப் பக்கத்துக் கல்லை மண்சட்டியில் போட்டு நிதானமாகச் சூடு காட்டினால் சிவப்பேறும். தரையில் நட்ட இரும்பு முளைமேல் கல்லை வைத்து, எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டி வடிவெடுப்பார்கள். பிறகு சாணைபிடிப்பு. அங்கேதான் சாவு. சாணைச்சக்கரத்திலிருந்து பறக்கிற சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து இறுகுகிறது. பெயர் சிலிக்கோசிஸ், மருந்து கிடையாது. வீட்டுக்குள்ளேயே பட்டறை என்பதால் சாணை தொடாத பெண்ணும் குழந்தையும் பக்கத்து வீட்டுக்காரரும்கூடத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். இதை மருத்துவ ஆய்வுகள் பல பதிவு செய்திருக்கின்றன. ஹரப்பா காலத்து மணித்தொழில்நுட்பத்தின் தொடர்ச்சி என்று தொல்லியலாளர்கள் கம்பாத்தைக் கொண்டாடுகிறார்கள். நான்காயிரம் வருஷத் தொடர்ச்சி என்கிற புகழுரைக்குள் தூசியின் தொடர்ச்சியும் இருக்கிறதல்லவா, அதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது?

‘பாசிமணியைக் கொடுத்து ஊரை வாங்கினான்’ என்கிற கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மன்ஹாட்டன் தீவை டச்சுக்காரர்கள் மணிகளுக்கு வாங்கினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். 1626இன் கடிதத்தில் இருப்பது அறுபது கில்டர் மதிப்பு என்பது மட்டும்தான். மணி என்ற பேச்சே இல்லை. இதை எடுத்துக்காட்டியவரும் பிரான்சிஸ்தான். இந்தக் கட்டுக்கதை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனைக் குழந்தையாக்குகிறது. நடைமுறை வேறாக இருந்தது. 1871இல் ஸ்டான்லி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் புறப்பட்டபோது எந்த ஊருக்கு எந்த நிற மணி செல்லும் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளவே பெரும் பாடுபட்டார். ஓரிடத்தில் செல்லுகிற மணி இன்னோரிடத்தில் செல்லாக்காசு. வெனிஸ் வியாபாரி மாதிரி அட்டைகளில் மணிகளை வரிசையாகத் தைத்து அனுப்பினான் என்றால், வாங்குகிறவர்களின் ரசனைக்கு அவன் அடிபணிந்தான் என்றும் அர்த்தம், அந்த ரசனையை அட்டவணைப்படுத்தி ஆளக் கற்றுக்கொண்டான் என்றும் அர்த்தம். அதே மணிகள் அடிமை வியாபாரத்தில் மனித உடலுக்கு விலையாகவும் போயின. வெனிஸ் தெருவோரங்களில் மடியில் மரத்தட்டை வைத்துக்கொண்டு விசிறிபோல் ஊசிகளைப் பிடித்துக் கோத்த ஏழைப் பெண்கள் அந்த வியாபாரத்தின் கடைசிக் கண்ணி. கூலி, கோத்த சரத்துக்கு இவ்வளவு என்று.

மணி அலங்காரம் மட்டுமல்ல, சட்டமும்தான். திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் பொன் வெள்ளி அணியக் கூடாது. மேலுடம்பை மறைக்கக் கூடாது. கல்லும் கண்ணாடிமணியும் கோத்த ‘கல்லுமாலை’யைக் கழுத்தில் கனக்கக் கனக்கப் போட்டுக்கொள்ள வேண்டும். பார்த்த மாத்திரத்தில் சாதி தெரிய வேண்டும் என்பதற்காக உடல்மேல் எழுதப்பட்ட எழுத்து அது. அய்யன்காளியின் சாதுஜன பரிபாலன சங்கம் 1907இல் தொடங்கியது. 1915இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் கல்லுமாலையைக் கழற்ற வேண்டும் என்று இயக்கம் எழுந்தபோது மேல்சாதியினர் தாக்கினார்கள். கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அதே ஆண்டுக் கடைசியில் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூட்டம். அய்யன்காளி கேட்டுக்கொண்டபோது பெண்கள் மேடைக்கு வந்து, கையிலிருந்த அரிவாளால் மாலைகளை அறுத்துப்போட்டார்கள். குவியலாகக் கிடந்தது. மியூசியக்காரர்கள் இனவரைவியல் பொருள் என்று சேகரித்து வைக்கிற ‘புலையர் மாலை’க்கு இந்த அரிவாளையும் சேர்த்துத்தான் விளக்கச்சீட்டு எழுத வேண்டும்.

அறுத்தெறியப்பட்ட அதே மாதிரிச் சரம் நாடு முழுதும் ‘ட்ரைபல் ஜுவல்லரி’ என்று விலை ஏற்றி விற்கப்படுகிறது. கழற்ற முடியாதவளுக்கு அது விலங்கு. நினைத்தபோது கழற்றி வைக்கிறவளுக்கு ஸ்டைல்.

நரிக்குறவர் விஷயத்தில் இது தலைகீழ். 1972இன் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமாகிவிட, ஊசிமணி பாசிமணிதான் அவர்களில் பலருக்குப் பிழைப்பாக மிஞ்சியது. சினிமாவில் அவர்கள் கழுத்து நிறைய மணி போட்டுக்கொண்டு ஆடுவார்கள். அந்த மணியை எங்கே வாங்கினார்கள், யாரிடம் கடன் என்று எந்தப் படமும் காட்டியதில்லை. பாரிமுனைக் கடையொன்றில் நான் நின்றிருந்தபோது ஆரி வேலைக்குச் சாமான் வாங்க வந்த பெண்களுக்கு ஸ்டூல் போட்டு ‘சொல்லுங்க மேடம்’ என்றார்கள். பின்னால் வந்த நரிக்குறவப் பெண்ணிடம், ‘ஏ, வெளிய நில்லு, கல்லாப்பக்கம் வராத’. கடை அவர்களுடைய வியாபாரத்திலும் வாழ்கிற கடைதான். அந்த அம்மா அசரவில்லை. நீட்டிய சரத்தில் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, ‘இது பிளாஸ்டிக்கு. கண்ணாடின்னா பல்லுல சில்லுனு இருக்கும். போன தடவ குடுத்தியே, அத எடு’ என்றார். கடைப்பையன் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் வேறு சரம் கொண்டு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

2022 டிசம்பரில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது. மேடம்கள் வாங்கிப்போன சுகர் பீட்ஸ் கதையும் பெரிதாக வேறில்லை. கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். ஒவ்வொரு மணியாக ஊசியில் எடுத்துத் தைக்கிற பெண் வீட்டில் சட்டத்தைக் கட்டிக்கொண்டு, கழுத்து வலிக்க, பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள். கண் போனால் கண்ணாடி அவள் செலவு.