பிழை பிள்ளையிலா?

ஒரு பிள்ளைக்குப் பாடம் விளங்காவிட்டால் நாம் முதலில் பிள்ளையைத்தான் குறை சொல்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் அன்ட்ரியாஸ் ஸ்டெஃபிக் அந்தக் குறையைக் கணினி மொழியில் தேடினார்.

விழிப்புலனற்ற மாணவர்கள் திரையைக் காதால் வாசிக்கிறார்கள். திரைவாசிப்பு மென்பொருள் ஒவ்வொரு அடைப்புக்குறியையும் அரைப்புள்ளியையும் சொல்லிக்கொண்டே போனால் கருத்து தொலைந்துவிடும். எனவே அவரது குழு குறியீடுகளைக் குறைத்து, எளிய சொற்களால் 'குவோரம்' மொழியை அமைத்தது.

2011இல் அவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதன்முதலாக நிரல் எழுதியவர்களுக்கு, புகழ்பெற்ற 'பேர்ள்' மொழியும் எழுந்தமானமாகக் குறியீடுகளைப் பொறுக்கி அமைத்த மொழியும் ஏறத்தாழ ஒரே அளவு கடினமாகவே இருந்தன. குவோரத்தில் எழுதியவர்களே கூடுதலாகச் சரியாக எழுதினார்கள்.

பார்வையற்ற பிள்ளைக்காக வெட்டிய பாதை மற்றவர்களுக்கும் இலகுவானது.

நாளை வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினால், முதலில் நமது கரும்பலகையைத் திரும்பிப் பார்ப்போமா?