முப்பதா, ஐம்பதா? சன்ஸ்கிரீன் எண்ணின் கதை

கோடை வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. சன்ஸ்கிரீன் 30 வாங்குவதா, 50 வாங்குவதா? குழந்தைக்குத் தனியாக வாங்க வேண்டுமா? நான் மருத்துவன் அல்ல, ஓய்வுபெற்ற வாத்தியார். ஆனால் அந்த எண்ணின் வரலாறு தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

1801-ல் ஜெர்மனியின் ரிட்டர், ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி இருப்பதைக் கண்டறிந்தார். புற ஊதாக் கதிர் என்று வகுப்பில் நடத்தினோமே, அதுதான். தோல் சிவந்து உரிவதற்குக் காரணம் வெயிலின் சூடு அல்ல, இந்தக் கதிர்.

1938-ல் ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற வேதியியல் மாணவர் ஆல்ப்ஸ் மலையில் பீட்ஸ் புயின் சிகரம் ஏறியபோது தோல் வெந்துபோனது என்பார்கள். 1946-ல் அவர் ஒரு கிரீம் கொண்டுவந்தார். கிரீம் எவ்வளவு காக்கிறது என்பதைச் சொல்லும் எஸ்.பி.எஃப். எண்ணைப் பரப்பியவரும் அவரே. தோல் சிவக்க எத்தனை மடங்கு கதிர் தேவை என்பதே அந்த எண்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 30 என்றால் சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கும். 50 என்றால் 98. வித்தியாசம் ஒன்றுதான்! அதுவும் சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்த கணக்கு. நாம் பொட்டு வைப்பதுபோலத் தொட்டுத் தடவினால் 50-ம் 50 ஆக இருக்காது.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். வெள்ளைத் தோல்காரர்கள் கடும் வெயில் நாட்டில் குடியேறியதால் அங்கே தோல் புற்றுநோய் மிக அதிகம். 1981-ல் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள்: சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை. பின்னாளில் நிழலைத் தேடு, கறுப்புக் கண்ணாடி போடு என்ற இரண்டும் சேர்ந்தன. ஐந்தில் ஒன்றுதான் கிரீம் என்பதைக் கவனியுங்கள். அங்குள்ள பல பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு வெயிலில் விளையாட்டும் இல்லை.

1992-ல் குவீன்ஸ்லாந்தின் நம்பூர் ஊரில் 1,621 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் நாலரை ஆண்டுகள் தினமும் கிரீம் பூசினர், மறுபாதியினர் இஷ்டம்போல். அதன்பின் பத்தாண்டுகள் கவனித்ததில் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் தினமும் பூசியவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் வந்திருந்தது. பூசிய கிரீமின் எண் 15 அளவுதான். காப்பாற்றியது பெரிய எண் அல்ல, விடாத பழக்கம்.

நம் கருந்தோலுக்கு இயற்கையே ஓரளவு காப்பு தந்திருக்கிறது. ஆனால் கண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. புற ஊதாக் கதிர் கண்புரைக்கும் ஒரு காரணம். பிள்ளை கறுத்துவிடுமே என்று கிரீம் வாங்காதீர்கள். கறுப்பு நோய் அல்ல.

எனவே, வீட்டில் எல்லோருக்கும் 30 போதும். எஸ்.பி.எஃப். ஒருவகைக் கதிரைத்தான் முக்கியமாக அளக்கும், அதனால் பி.ஏ. என்ற எழுத்தும் அதன்பின் மூன்று கூட்டல் குறிகளும் இருக்கிறதா என்று பாருங்கள். முகம், கழுத்து, காதுக்கு ஒரு தேக்கரண்டி. வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூச வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியுமே மருந்து.

இன்னும் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலை வழிபாட்டுக் கூட்டத்தை மரத்தடிக்கு மாற்றுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

உங்கள் பள்ளியில் நிழல் இருக்கிறதா? எழுதுங்கள்.