ஒலி, ஒளி வடங்களின் நிறக் குறியீடு

தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, டிவிடி இயக்கி முதலிய வீட்டுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வடங்களின் முனைகளுக்கும், அம்முனைகள் சென்று பொருந்தும் துளைகளுக்கும் ஒரே நிறமிட்டு, எந்தச் சமிக்ஞை எவ்வழியே செல்கிறது என்பதைப் பார்த்தவுடன் உணர்த்தும் முறை நிறக் குறியீடு எனப்படும். இவற்றுள் பரவலாக அறியப்பட்ட மூவண்ண வடத்தில் மஞ்சள் படத்துக்கும், வெள்ளை இடப்பக்க ஒலிக்கும், சிவப்பு வலப்பக்க ஒலிக்கும் உரியவை. மின்சாரத்துக்கு இந்நிறங்களால் ஆவது ஒன்றுமில்லை. செருகியின் வடிவம் மாறாதிருக்க, அதன் வழியே செல்லும் சமிக்ஞைகள் மட்டும் காலந்தோறும் பெருகியதே இவற்றின் தேவைக்குக் காரணம்.

அந்தச் செருகி 1930களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம், ஒரே பெட்டிக்குள் அமைந்த இசைத்தட்டு இயக்கியையும் வானொலியையும் இணைக்க உருவாக்கியது. நடுவில் ஓர் ஊசியும் அதைச் சுற்றி ஓர் உலோக வளையமும் கொண்ட அதன் எளிய அமைப்பு மிக மலிவானது என்பதே பின்னாளில் அது உலகெங்கும் பரவக் காரணமாயிற்று. வளையத்துக்கு முன்பே ஊசி தொட்டுவிடுவதால், ஒலிபெருக்கி இயங்கும்போது செருகினால் உரத்த இரைச்சல் எழும் என்ற குறை அதற்கு உண்டு. பெட்டிக்குள் ஒருமுறை பொருத்தி மூடிவிடும் இணைப்பாகவே அது கருதப்பட்டமையால் அக்குறை அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. செல்வது ஒரே ஒலியாதலின் நிறத்துக்கும் வேலையில்லை.

1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள், அதாவது இடம், வலம் என இரு தனித் தடங்களில் ஒலி பதிந்த தட்டுகள், சந்தைக்கு வந்தபின் ஒரே உருவுடைய இரு செருகிகள் அருகருகே அமைந்தன. இரண்டும் இடம் மாறினால் கருவி பழுதாகாது, ஒலியும் நிற்காது. மேடையின் இடப்புறத்து வயலின் வலப்புறம் கேட்கும், அவ்வளவே. பிழை காதுக்கு எளிதில் புலப்படாததால் கண்ணுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. வலத்துக்குச் சிவப்பு நிலைபெற்றது. இடத்துக்கு வெள்ளையோடு கறுப்பும் நெடுங்காலம் வழங்கியது.

வீடியோ நாடாக் கருவிகள் பெருகியபோது மஞ்சள் சேர்ந்தது. படத்தின் ஒளி, நிறம், நேர ஒழுங்கு ஆகிய அனைத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் கலவைக் காணொளிச் சமிக்ஞையை இது குறிக்கிறது. மனிதச் செவிக்கு எட்டும் ஒலி 20 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்க, இந்தியாவில் வழங்கிய பால் முறைப் படச் சமிக்ஞை ஏறத்தாழ 5 மெகாஹெர்ட்ஸ் வரை விரிவதால், மஞ்சள் வடத்துக்கு 75 ஓம் மின்மறுப்பு வகுக்கப்பட்டது. படத்தை ஒலித் துளையில் செருகினால் கரகரவென்ற உறுமல் மட்டுமே கேட்கும்.

டிவிடி காலத்தில் பரவிய கூறுநிலைக் காணொளியே இம்முறையின் நுட்பமான பகுதி. இது படத்தை மூன்று வடங்களாகப் பிரிக்கிறது: ஒளிர்வு பச்சையிலும், நீலத்திலிருந்து ஒளிர்வைக் கழித்த வேறுபாடு நீலத்திலும், சிவப்பிலிருந்து கழித்தது சிவப்பிலும் செல்லும். பச்சை வடம் பச்சை நிறத்தைச் சுமப்பதாகப் பலர் எண்ணுவது தவறு. அதை மட்டும் செருகினால் திரையில் கறுப்பு வெள்ளைப் படமே தோன்றும். எனினும் அத்தேர்வு பொருத்தமானதே. கண் உணரும் ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 59 விழுக்காடு என்றும், சிவப்பின் பங்கு 30, நீலத்தின் பங்கு 11 என்றும் கொண்டே அச்சமிக்ஞை கணிக்கப்படுகிறது. இம்மூன்றோடு இரு ஒலி வடங்களும் சேர்ந்த ஐந்து வடத் தொகுதியில் சிவப்புச் செருகிகள் இரண்டாகிவிட்டன. ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வளர்ந்த இரு வழக்கங்கள் மோதிய இவ்விடமே பயனரை மிகவும் குழப்பிய இடம்.

பின்னர் அமெரிக்க நுகர்வோர் மின்னணுச் சங்கம் சிஇஏ-863 என்னும் தரத்தில் இவ்வழக்கங்களைத் தொகுத்து, நடு ஒலிபெருக்கிக்குப் பச்சை, தாழொலிப் பெட்டிக்கு ஊதா, எண்ணிம ஒலிக்குச் செம்மஞ்சள் என விரித்தது. கணினித் துறையில் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் வகுத்த பிசி 99 வழிகாட்டி, ஒலிவாங்கிக்கு இளஞ்சிவப்பையும் ஒலி வெளியீட்டுக்கு இளம்பச்சையையும் நிலைநிறுத்தியது. ஐரோப்பா வேறு வழி சென்றது: 1980 முதல் பிரான்ஸ் கட்டாயமாக்கிய ஸ்கார்ட் இணைப்பு, 21 முனைகளை ஒரே செருகியில் அடக்கி, தவறாகப் பொருத்தவே முடியாத வடிவத்தால் நிறத்தின் தேவையை நீக்கியது. 2002இல் வெளியான ஹெச்டிஎம்ஐ, படத்தையும் ஒலியையும் எண்ணிம வடிவில் 19 முனைகளுக்குள் கொணர்ந்து அதே வழியை உலகெங்கும் பரப்பியது. அதன்பின் வந்த தொலைக்காட்சிகள் பலவற்றில் இடம் மிச்சப்படுத்த மஞ்சள் துளை தனியே வைக்கப்படாமல், ஒளிர்வுக்குரிய பச்சைத் துளையே கலவைக் காணொளிக்கும் பயன்படுகிறது.