சீயான் மேற்கே போன கதை

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருஷம் தவறாமல் ஏறுகிறவன் நான். நாங்கள் கூடலூரிலிருந்து பளியன்குடி வழியா நடந்து ஏறுவோம். என் சித்தப்பா மகன் குமுளியிலிருந்து ஜீப்பில் வருவான். அவன் குடும்பம் கேரளாவில், வண்டன்மேடு பக்கம் இருக்கு. வருஷத்துக்கு ஒரு நாள் கோயில் பக்கத்தில் மர நிழலில் ரெண்டு குடும்பமும் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவோம்.

இந்த வருஷம் சாப்பிட்டுக் கை கழுவினதும் கேட்டான். "அண்ணே, சீயான் எந்த வருஷம் மலைக்கு வந்தாரு? அதுக்கு ஏதாச்சும் பேப்பர் இருக்கா?"

எங்க பக்கம் தாத்தாவைத் தான் சீயான்னு கூப்பிடுவோம். ஒரு சினிமாவுக்கு அப்புறம் ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச சொல். தம்பி கேட்டதுக்குக் காரணம் இருக்கு. அவன் பாடுபடுகிற ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டத்துக்கு இன்னும் பட்டா கிடையாது. அங்கே அதைப் பட்டயம்னு சொல்றாங்க. 1977 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னாடி காட்டு நிலத்தில் குடியேறினவங்களுக்குப் பட்டயம் கொடுக்கலாம்னு 1993இல் கேரளாவில் விதி வந்தது. ஆனால் முன்னாடியே இருந்தோம்னு காட்டணும். காட்ட அவன்கிட்ட ஒண்ணும் இல்லை. சீயானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவோட தகரப்பெட்டியை இறக்கினேன். உள்ளே ஒரு நட்சத்திரம், ஆறு முனை, நடுவில் கிரீடம். கூட ஒரு மடிச்ச காகிதம், மடிப்பில் எல்லாம் கிழிஞ்சு போயிருந்தது.

சின்ன வயசில் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை வேற. சீயான் பட்டாளத்துக்குப் போனார், ஜப்பான்காரனைச் சுட்டார், மெடல் வாங்கினார். அவர் எங்கே இருந்தார்னு கேட்டால் "மணிப்பூர் ரோடு"ன்னு மட்டும் சொல்வார். நாங்கள் அதை ஏதோ ஒரு சாலைன்னு நினைச்சுக்கிட்டோம்.

எங்க தெருவில் ஓய்வு பெற்ற ராணுவத்துக்காரர் ஒருத்தர் இருக்கார். காகிதத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மெதுவா வாசிச்சார். "இந்தியன் பயனியர் கோர்னு போட்டிருக்குப்பா. உங்க சீயானுக்கு வேலை துப்பாக்கி இல்ல, மம்பட்டி" என்றார். நட்சத்திரத்தைத் திருப்பிப் பார்த்துட்டு, "இது பர்மா ஸ்டார். சண்டை நடந்த பக்கம் வேலை பார்த்தவங்களுக்கும் கொடுத்தாங்க" என்றார்.

கொஞ்ச நேரம் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். மம்பட்டி பிடிச்சவனை மம்பட்டி வேலைக்குத்தானே கூப்பிடுவான்?

மணிப்பூர் ரோடுங்கிறது சாலை இல்லை, ரயில் ஸ்டேஷன். நாகாலாந்தில் இருக்கிற திமாப்பூருக்கு அப்போ அந்தப் பேர் தான். அங்கே சாமான் இறக்கி, மலைச்சாலை வழியா கொஹிமா, இம்பால் போர்முனைக்கு ஏத்தணும். 1944இல் மார்ச்சிலிருந்து ஜூலை வரைக்கும் அங்கே தான் பெரிய சண்டை. மழையில் சரிகிற ரோட்டை வெட்டிச் சீர் பண்ணி, மூட்டை தூக்கி, விமானம் இறங்கத் தரையைச் சமன் பண்ணினவங்க பயனியர்கள். அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவங்க 25 லட்சம் பேர். என் மகள் இணையத்தில் தேடினாள். செத்துப்போன சிப்பாய்களுக்குப் பேர் பட்டியல் இருக்கு. ரங்கூன் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட 27,000 பேர் கல்லில் இருக்காங்க. எங்க சீயான் உயிரோட திரும்பினதால் அதில் கிடைக்க மாட்டார்.

அவர் ஏன் போனார்? கூடலூரில் அவருக்குச் சொந்த நிலம் இல்லை. வாரத்துக்கு உழுதார். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனதும் பர்மா அரிசி வரத்து நின்னுபோச்சு. நெல்லு விளையுற ஊரில் கூட வாரக்காரன் வீட்டில் சோறு இல்லைன்னு அப்பத்தா சொல்லும். பட்டாளத்தில் மாசச் சம்பளம் உண்டு, சாப்பாடும் அவங்க பொறுப்பு. கைப்பிள்ளையா இருந்த எங்க அப்பாவை விட்டுட்டுக் கிளம்பிட்டார்.

அதே நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்கு இப்பத்தான் புரிஞ்சது. அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அவங்க சாப்பாட்டுக்குப் பெரும் பகுதி வெளியிலிருந்து வர்ற அரிசி, அதிலும் பர்மா அரிசி. அது நின்னதும் ஜனங்க மரவள்ளிக் கிழங்கை நம்பிப் பிழைச்சாங்க. உணவுப் பயிர் பண்ணினால் போதும்னு சமஸ்தானம் மலைக்காட்டைக் குத்தகைக்குத் திறந்துவிட்டது. மேற்கேயிருந்து மலையாள விவசாயிங்க ஏறி வந்தாங்க. கிழக்கேயிருந்து எங்க ஆளுங்க ஏறினாங்க. ஏலக்காட்டு வேலைக்கு முன்னாடியே போய்க்கிட்டு இருந்தவங்க தான். அப்போ கூட்டம் கூடிப்போச்சு.

ஒரே பர்மா அரிசி தான் சீயானை வடகிழக்கே ரோடு போட அனுப்பினது. அவர் பிறந்த ஊருக்கு மேற்கே காட்டைத் திறந்துவிட்டதும் அதுதான்.

1946இல் திரும்பி வந்தார். வாரத்துக்கு உழுத நிலம் வேற ஆள் கைக்குப் போயிருந்தது. ஒரு போகம் கூலிக்கு அறுத்தார். அடுத்த வருஷம் கம்பம்மெட்டுப் பாதையில் நடந்தே மலை ஏறிட்டார். காடு வெட்டுகிற வேலை, மர நிழலில் ஏலம் நடுகிற வேலை. காலெல்லாம் அட்டைக்கடி, வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்காய்ச்சல். கொஞ்ச நாளில் ஓடைக்கரையில் குடிசை போட்டு ஒன்றரை ஏக்கர் திருத்தினார். காகிதம் யாரும் கொடுக்கலை, அவரும் கேட்கலை.

1956 நவம்பர் 1இல் மாநிலம் பிரிச்சாங்க. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு போராட்டம் எல்லாம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கடைசியில் கேரளாவுக்குப் போச்சு. சீயான் குடிசை இருந்த இடத்திலேயே இருந்தது, மாநிலம் தான் மாறிப்போச்சு. மூத்த பிள்ளை எங்க அப்பா கூடலூரில் தங்கினார். இளையவர் எங்க சித்தப்பா மலையிலேயே நின்னுட்டார்.

அதோட பலனை நாங்கள் 2011 டிசம்பரில் பார்த்தோம். முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளி ரோடு அடைச்சுக் கிடந்தது. மலையிலிருந்து தோட்டத் தொழிலாளிங்க குழந்தை குட்டியோட காட்டு வழியா இறங்கி வந்தாங்க. தம்பி குடும்பமும் வந்து எங்க வீட்டில் 12 நாள் இருந்தது. அங்கே அவனைப் பாண்டின்னு சொல்லியிருக்காங்க. இங்கே டீக்கடையில் அவன் பேச்சைக் கேட்டு "மலையாளத்தானா?"ன்னு ஒருத்தர் கேட்டார். அன்னிக்கு ராத்திரி அவன் சாப்பிடவே இல்லை.

அதனால இந்தத் தடவை எப்படியாவது ஒரு காகிதம் கண்டுபிடிக்கணும்னு இருந்தேன். பட்டாளத்துக் காகிதம் மலைக்குச் சாட்சி ஆகாது. கடைசியில் எங்கே கிடைச்சது தெரியுமா? நான் நெல்லுப் போடுகிற ஒரு ஏக்கர், அதோட மூலப்பத்திரத்தில். பத்திரம் என் பீரோவில் தான் இருந்தது. சர்வே நம்பரும் நாலு எல்லையும் தாண்டி நான் வாசிச்சதே இல்லை. 1957இல் எழுதின கிரையம். வாங்குகிறவர் பேருக்குக் கீழே, கூடலூர் சொந்த ஊராகவும் தற்சமயம் வண்டன்மேட்டில் வசிப்பவராகவும் எழுதியிருக்கு. அதுக்குக் கீழே சீயானோட இடது கைப் பெருவிரல் ரேகை.

ரெண்டு மூணு தடவை வாசிச்சேன். கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாத்துத் தண்ணி பாயுற இருபோக நெல் வயல் 14,707 ஏக்கர்னு கணக்கு. அதில் ஒரு ஏக்கர் என்னுதுன்னு நான் பெருமையா சொல்லிக்குவேன். அந்த ஏக்கருக்குப் பணம் மலையிலிருந்து வந்திருக்கு. தம்பியும் சித்தப்பாவும் இன்னிக்கும் காகிதம் இல்லாமல் நிற்கிற மண்ணில் சீயான் பாடுபட்ட காசு. எனக்குப் பட்டா, பத்திரம் எல்லாம் இருக்கு. இத்தனை வருஷமா அவங்க ஏதோ எங்ககிட்டேயிருந்து பிரிஞ்சு போனவங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

சார்பதிவாளர் ஆபீசில் அத்தாட்சி நகல் போட்டு வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அது அந்த ஒன்றரை ஏக்கரைச் சொல்லலை, 1957இல் சீயான் அந்த மலையில் இருந்தார்னு மட்டும் தான் சொல்லுது. மற்ற சாட்சிகளோட சேர்த்து மனுவில் வெச்சிருக்கான். முடிவு இன்னும் தெரியலை. சித்தப்பா நகலை வாங்கி ரேகையை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். ஒண்ணும் பேசலை. கிளம்பும்போது அரைக்கிலோ ஏலக்காய் கட்டிக் கொடுத்தார்.

அடுத்த தடவை உங்க வீட்டுப் பாயாசத்தில் ஏலக்காய் தட்டிப் போடும்போது எங்க சீயானைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எல்லையோட நிறுத்தாமல் முழுசா வாசிங்க. ஜூன் முதல் தேதி தண்ணி திறந்தால் நாத்துப் பாவணும். வரப்பு இன்னும் வெட்டலை. மம்பட்டியை எடுக்கணும்.