செத்த மூளை மறுபடி துளிர்க்குமா?

பக்கவாதத்துக்கு 'ஸ்டெம் செல் ஊசி' போடலாமா என்று பலர் கேட்கிறீர்கள். அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்பெயின் அறிஞர் கஹால் 1913-14இல் வெளியிட்ட நூலில், வளர்ந்த மூளையில் செத்த நரம்பு மீளாது என்று எழுதினார். அரை நூற்றாண்டுக்கு அதுவே வேதவாக்கு. 1962இல் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன், வளர்ந்த எலியின் மூளையில் புது நரம்பு செல்கள் தோன்றுவதைக் கண்டார். நம்ப ஆளில்லை. 1992இல் கனடாவில் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்தே ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்தார்கள். நம்பிக்கை பிறந்தது.

1998இல் பிட்ஸ்பர்க்கில், ஆய்வகத்தில் வளர்த்த நரம்பு செல்களைப் பக்கவாத நோயாளிகளின் மூளைக்குள் முதன்முதலாகச் செலுத்தினார்கள். 12 பேர்தான், ஆபத்தில்லையா என்று பார்ப்பதே நோக்கம்.

நம் நாட்டிலும் 120 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு அவர்களுடைய எலும்பு மஜ்ஜை செல்களையே ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். 2014இல் முடிவு வந்தது: கெடுதல் இல்லை, ஏற்றாதவர்களைவிடக் கூடுதல் பலனும் இல்லை.

ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. ஆனால் முறையான ஆய்வில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் அது வியாபாரம். நகையை அடகு வைக்காதீர்கள்.

வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு. பிறகு பிசியோதெரபியை விடாதீர்கள்.