திருநாதர்குன்றத்து 57 நாள்

காஞ்சிபுரம் போறவங்க பட்டுச்சேலை, காமாட்சி, வரதர்னு முடிச்சுக்கிட்டு வந்துடுவாங்க. வேகவதிக் கரையில இருக்கிற திருப்பருத்திக்குன்றம், அதாவது ஜினகாஞ்சி, பலருக்குத் தெரியாது. அங்கே திரைலோக்கியநாதர் கோயிலில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கு. விதானத்துல முதல் தீர்த்தங்கரர் ரிஷபநாதரோட வாழ்க்கை ஓவியமா ஓடுது. அவர் பல மாசம் உண்ணாம இருந்து, கடைசியில கரும்புச்சாறு வாங்கிக் குடிச்சு நோன்பை முடிச்சார்ங்கிறது சமண புராணம்.

புராணம்தானே, விடுங்கங்கிறீங்களா? சரி, கல்வெட்டுக்கு வருவோம். செஞ்சி பக்கத்துல திருநாதர்குன்றத்துப் பாறையில, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரோட பேர் வெட்டியிருக்கு. பழைய வட்டெழுத்து. இன்னொரு கல்வெட்டுல இளையபட்டாரர், 30 நாள்.

57 நாளா? கொஞ்சம் ஓவரா இல்ல? :-) கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்.

நாம மூச்சு விடறதே சாப்பாட்டை எரிக்கத்தான். 1783-இல் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டிக்கு நடுவுல ஒரு கினிப்பன்றியை வச்சு, உருகின தண்ணியை அளந்து, சுவாசமும் ஒருவகை எரிதல்தான்னு சொன்னாங்க. விறகு மாதிரி குப்புன்னு இல்லை; செல்லுக்குள்ள, படிப்படியா.

சாப்பாடு நின்னா? கல்லீரல்ல இருக்கிற சர்க்கரைச் சேமிப்பு ஒரு நாள்ல ஏறக்குறைய காலி. அப்புறம் தசையில கொஞ்சம், மீதி கொழுப்பு. சர்க்கரை கேட்டு அடம்பிடிக்கிற மூளையும் சில நாள்ல கொழுப்புலேர்ந்து வர்ற கீட்டோனுக்குப் பழகிக்கும். இது 1967-இல்தான் தெரியவந்தது. உடம்பு செலவையும் குறைச்சுக்கும்.

ஒரு கிலோ உடற்கொழுப்புல சுமார் 7,700 கிலோ கலோரி. பத்து கிலோ இருந்தா 77,000. அசையாம உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு நாளைக்கு 1,300-ன்னு வச்சா, 59 நாள்! தண்ணி குடிக்கணும், அது முக்கியம். தண்ணியும் இல்லேன்னா பத்து நாளே கஷ்டம்.

1912-இல் பாஸ்டன்ல லெவன்சின்ங்கிறவர் 31 நாள் வெறும் தண்ணியோட இருந்தார். அவரோட மூச்சையும் வெப்பத்தையும் விஞ்ஞானிகள் அளந்தாங்க. சுமார் 13 கிலோ குறைஞ்சார், பிழைச்சார். இளையபட்டாரரோட 30 நாளும் நம்பக்கூடியதுதான்.

சரி, அந்தக் கொழுப்பெல்லாம் எங்க போகுது? வேர்வை, சூடுன்னுதான் பலரும் சொல்வாங்க. பத்து கிலோ கொழுப்பு எரிஞ்சா 8.4 கிலோ கரியமில வாயுவா மூச்சுல போயிடும், மீதி தண்ணின்னு 2014-இல் ஆஸ்திரேலியாவுல கணக்குப் போட்டுக் காட்டினாங்க. சந்திரநந்தியும் பெரும்பகுதி மூச்சு வழியாத்தான் கரைஞ்சிருக்கார்.

இது தற்கொலையா, விரதமா? 2015-இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தற்கொலைன்னுச்சு. அதே மாசம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. அந்த வழக்குக்கு உடற்கூறு பதில் சொல்லாது. ஆனா பாறையில 57-ன்னு வெட்டினவர் பொய் சொல்லியிருக்கணும்ங்கிற அவசியம் இல்லைன்னு மட்டும் சொல்லும். செஞ்சிக்கோட்டை போற மக்கள் அப்படியே இந்தக் குன்றையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.